பலாவ் விருந்தில் கிடைத்த வேலை

எல்லாரும் சுகமா? வீட்டில் பிள்ளைகள் நலமா? நேற்று நம்ம உஸ்பெகிஸ்தான் அந்திஜானில் என் இளைய மகன் கல்யாணத்துக்கு விடியற்காலை பலாவ் விருந்து, அதாவது ஊருக்கே இறைச்சிச் சோறு. அதை உங்களிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

என் மூத்த மருமகள் பெயர் மோகிதில். தொழிற்சாலையில் வேலை எங்கே தடைபடுகிறது என்று பார்த்துச் சரிசெய்யும் டெக்னீஷியன் படிப்பு முடித்தவள். போன இடமெல்லாம் "அனுபவம் இருக்கா?" என்று கேட்டே திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

விருந்துக்கு முந்தின நாள் முற்றத்தில் சாக்பீஸால் கோடு போட்டாள். பலாவ் தட்டு ஒரு பக்கமாக வர வேண்டும், காலித் தட்டு மறுபக்கமாகப் போக வேண்டும்.

"பலாவுக்கும் டிப்ளமா வந்துடுச்சா?" என்று கேலி செய்தார் சமையல்காரர் ஹோஷிம்.

"என் கல்யாணத்துல பரிமாறுற பசங்க முட்டி மோதி, உங்க பலாவ் ஆறியே போச்சே மாமா!"

விடிவதற்குள் தெருவே திரண்டு வந்தது. யாரும் முட்டிக்கொள்ளவில்லை. எல்லாருக்கும் சுடச்சுடக் கிடைத்தது. ஹோஷிமே உட்கார்ந்து தேநீர் குடித்தார் என்றால் பாருங்களேன்!

ஃபிரிட்ஜ் தொழிற்சாலை மேலாளர் துர்சுனலியும் சாப்பிட வந்திருந்தார். "யாரு ஏற்பாடு இது?" என்றார். நான் மோகிதிலை முன்னே தள்ளினேன்.

"எங்க ஃபேக்டரியில ஒரே முட்டல்தாம்மா. வேலைக்கு வர்றியா? அனுபவம் இருக்கா?"

"அதைத்தானே இப்ப சாப்பிட்டீங்க, ஐயா!"

அவர் தாடி குலுங்கச் சிரித்தார். "திங்கக்கிழமை வந்துடு!"

உங்கள் வீட்டுப் பெண்களுக்கு முதல் வேலை எப்படிக் கிடைத்தது? எனக்கு எழுதுங்களேன்.