முகம் பார்க்கும் முதலாளிகள்

ஆறுச்சாமி தன் அரிசி மில்லைத் தொழிலாளிகளுக்கே எழுதிவைத்ததும் கொழிஞ்சாம்பாறை அவரைத் தலையில் தூக்கி வைத்து ஆடியது. கமலாத்தாள் ஆடவில்லை. எழுதிவைத்ததில் பாய்லர்க்காரன் உண்டு, மூட்டை தூக்குகிறவன் உண்டு, வாசலில் பீடி குடிக்கிற காவல்காரன்கூட உண்டு. அவித்த நெல்லைக் களத்தில் பரப்பி, வெயிலில் காலால் கிளறிக் காயவைக்கிற பெண்களில் ஒருத்திகூட இல்லை. அவர்களில் ஒருத்தியான கமலாத்தாள், ஆயுத பூஜையன்று பங்கைக் கேட்டே தீருவது என்று வந்திருந்தாள்.

அன்று முதலாளி கையால் துணி வாங்கி, காலில் விழுவது மில் வழக்கம். இப்போது எல்லாரும் முதலாளி. யார் கொடுப்பது, யார் விழுவது? புது முதலாளிகளின் சங்கத்துக்குத் தலைவனாகிவிட்ட பாய்லர்க்காரன் குப்பண்ணனுக்குச் சந்தேகமே வரவில்லை. சங்கத்துப் பணத்தில் எடுத்த வேட்டிகளை ஆறுச்சாமி கையில் கொடுத்தான். அதையே அவரிடமிருந்து வாங்கிக்கொண்டு காலிலும் விழுந்தான். மற்ற முதலாளிகளும் வரிசையாக விழுந்தார்கள்.

"தன் காசுல எடுத்த வேட்டிக்குத் தானே உழுந்து கும்புடறானுக. கருமம்!" என்று கமலாத்தாள் பக்கத்தில் நின்ற கருப்பாத்தாளிடம் சொன்னாள்.

அவள் முறை வந்தது. களத்துப் பெண்களுக்கு மட்டும் குப்பண்ணனே முதலாளியாக நின்று சேலையை நீட்டினான்.

"சேல வேண்டாம் குப்பண்ணா. பங்கு வேணும்."

"களத்துக்காரிக நாள்கூலி அம்மணி. உங்களுக்கெதுக்குப் பங்கு?"

"போன வருசம் நீயும் கூலிதானே?"

"அது வேற, இது வேற."

அதற்குள் பொள்ளாச்சிப் பக்கம் வானம் கறுத்து இடித்தது. களம் நிறைய நெல்.

"மழ வருது, அள்ளுங்க அம்மணி!"

"முதலாளிக அள்ளுங்க. உங்க நெல்லு."

"ஆம்பளைக தொடப்பம் புடிக்கறதா?"

"அப்ப பங்கு உண்டுன்னு ஒரு வார்த்த சொல்லு. இந்தா, இப்பவே அள்றோம்."

குப்பண்ணன் வாயைத் திறந்தான். திறந்தவன் திரும்பி ஆறுச்சாமி முகத்தைப் பார்த்தான். அத்தனை முதலாளிகளும் பார்த்தார்கள்.

"என்ற மூஞ்சில என்னடா இருக்குது? மில்லு உங்களுது," என்றார் ஆறுச்சாமி. நாற்காலியை விட்டு மட்டும் எழவில்லை. உதட்டோரம் சின்னதாக ஒரு சிரிப்பு.

"நீங்க ஒரு வார்த்த சொன்னாச் சரிங்க மொதலாளி."

"நான் எதுக்குச் சொல்லோணும்?"

அவர் சொல்லவில்லை, இவன் சொல்லத் துணியவில்லை. மழை யாரையும் கேட்கவில்லை. கொட்டித் தீர்த்தது. புது வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முதலாளிகள் ஓடி, கைக்குக் கிடைத்ததை வாரினார்கள். பாதி நெல் சாக்கடையோடு போனது. மீதி இனி நாறும்.

"மில்லக் குடுத்துப்போட்டு இவனுக முதுகெலும்ப மட்டும் தன்னோட வெச்சுக்கிட்டாரு பாரு," என்றாள் கமலாத்தாள். பெண்கள் முக்காட்டை இழுத்துவிட்டு நனைந்துகொண்டே கிளம்பினார்கள்.

குப்பண்ணன் பின்னாலேயே ஓடிவந்தான். "ஈர நெல்லக் கிளறோணும். நாளைக்கு வருவீங்கல்ல அம்மணி?"

"இரு, உங்க மொதலாளியக் கேட்டுட்டுச் சொல்றன்."