தரையைத் தொடாத கோடு

மாரிசெல்வத்தை யாரும் வேலையை விட்டு நீக்கவில்லை. நீக்கியிருந்தால் பிழைத்திருப்பான்.

தொழிற்சாலையில் ரோபோக்கள் வந்திறங்கிய வாரம், எச்.ஆர். அதிகாரி விமல்ராஜ் ஓர் ஒப்பந்தத்தை நீட்டினார். மாதாமாதம் வேலை நேரம் பாதியாகும். அது பூஜ்ஜியமாகும் அன்று ரிலீவிங் லெட்டர் கைக்கு வரும். நடுவில் ஓடிப்போனவனுக்குக் கிடையாது. மற்றவர்கள் பேனாவைத் தொடாமல் ஊருக்கு பஸ் ஏறிவிட்டார்கள். மாரிசெல்வம் கையெழுத்துப் போட்டான். ஒரகடத்தில் இன்னொரு கம்பெனி அவனைச் சேர்த்துக்கொள்ளத் தயாராக இருந்தது. பழைய கம்பெனியின் லெட்டர் மட்டும் வேண்டும் என்றது. பாதியும் பாதியும் சேர்ந்தால் முழுசு, இரண்டு மாதத்தில் தொல்லை விட்டது என்பது அவன் கணக்கு.

எட்டு மணி நேரம் நாலானது. நாலு இரண்டானது. இரண்டு மாதமும் போயிற்று, வேலை போகவில்லை. அப்புறம் ஒரு மணி நேரம், அரை மணி, கால் மணி. வாசல் சுவரில் ஒட்டியிருந்த வரைபடத்தில் அவனுடைய வேலை நேரத்தைக் காட்டும் நீலக்கோடு பாறை உச்சியிலிருந்து தள்ளிவிட்டதுபோல் விழுந்து, அடிவாரத்தில் சீக்கு மாடாகப் படுத்துக்கொண்டது. தரைக்கோட்டை நோக்கிச் சாய்ந்துகொண்டே போனது, தொடவில்லை. சம்பளமும் கூடவே படுத்தது. படப்பையிலிருந்து ஏற்றிவரும் கம்பெனி பஸ்ஸும் சாப்பாட்டு டோக்கனும் மட்டும் குறையவில்லை.

"ஒனக்கு ஷிப்ட விட பல்லு வெளக்குற நேரம் கூடுதல் மக்கா," என்றான் அறையில் கூட இருந்த நாகர்கோவில் ஜோயல்.

நேரம் சிறுத்தால் அளப்பது கஷ்டம். அதனால் வேலை பாதியாகும் ஒவ்வொரு மாதமும், அதை அளக்கும் ஆட்கள் இரட்டிப்பாக வேண்டும் என்று இன்னொரு விதி. அது சிவப்புக்கோடு. ஒருவர், இருவர், நால்வர் என்று ஆரம்பத்தில் தரையோடு ஊர்ந்ததை யாரும் சட்டை செய்யவில்லை. திடீரென்று அது படமெடுத்தது. காகிதம் போதாமல் சுவரில் ஏறி, பொய்க்கூரையை அறுத்துவிட்டு மேலே போயிற்று. தண்டலம் பக்கத்துக் கல்லூரிகளில் வகுப்புக்கு ஆளில்லை. எல்லோரும் இங்கே ஸ்டாப்வாட்சோடு நின்றார்கள். பன்னிரண்டாம் மாதம் மாரிசெல்வத்தின் ஷிப்ட் ஏழு வினாடி. அதைப் பார்க்க நாலாயிரத்துச் சொச்சம் பேர். அவன் ஒரு திருகாணியைக் கையில் எடுப்பான். முறுக்குவதற்குள் சங்கு ஊதிவிடும்.

"இது எப்பம் சார் முடியும்?"

"முடியாதுபா," என்றார் விமல்ராஜ், தான் கட்டிய வீட்டைச் சுற்றிக் காட்டுகிறவரைப் போல. "பாதி பண்ணா இன்னொரு பாதி எப்பவும் மிச்சம் கீது. உன்ன எவனும் தூக்க முடியாது. சந்தோஷப்படு."

"அப்பம் லெட்டரு?"

"பூஜ்ஜியம் ஆவட்டும், தரேன்."

மறுநாள் மாரிசெல்வம் வேலைக்கே போகவில்லை. வராதது லீவு, பூஜ்ஜியம் ஆகாது என்று எழுதிக்கொண்டார்கள்.

அடுத்த மாதத்துக்கு இன்னும் ஒரு மடங்கு ஆள் தேவைப்பட்டது. மணிமங்கலம் வரை தேடியும் மிச்சம் யாருமில்லை. கேட்டில் பலகை வைத்தார்கள்: நேரம் பார்க்க ஆட்கள் தேவை, முழு ஷிப்ட், முழுச் சம்பளம். மாரிசெல்வம் தன் ஏழு வினாடியை முடித்துவிட்டு வரிசையில் போய் நின்றான். மாரிசெல்வத்தின் ஷிப்டை அளக்க மாரிசெல்வத்தைவிடப் பொருத்தமான ஆள் ஏது என்று விமல்ராஜுக்கு மெய்யாகவே மகிழ்ச்சி. ஐ.டி. கார்டுக்குப் போட்டோகூட எடுத்தாயிற்று. அப்புறம் நிமிர்ந்து பார்த்தார்.

"முன்ன வேல செஞ்ச கம்பெனி ரிலீவிங் லெட்டர் எடுத்துகினு வந்தியா?"

"அதை நீங்கதானே சார் தரணும்?"

"ஆமா. நானே தரலன்னா, நான் எப்டி உன்ன சேத்துக்க முடியும்?"

மாரிசெல்வம் அதை விரல்விட்டு ஒருமுறை கணக்குப் போட்டுப் பார்த்தான். அந்த நேரத்தில் அவனுடைய ஒரு வார வேலை முடிந்திருக்கும். பின்னால் நின்றவன் கொஞ்சம் தள்ளிக்கொள்ளச் சொன்னான்.