கரை அறுக்கும் மெஷின்

எங்கள் ஊரில் அடைமழை முடிந்ததும் கடலும் தரையும் ஒட்டிக்கொள்ளும். கடல் எங்கே முடிகிறது என்று யாராலும் காட்ட முடியாது. ஒரு வேப்பம்பலகையில் ஊரின் ஓரத்தைக் கோடாக வரைந்து, அந்தக் கோட்டின் மேலேயே அறுத்தால்தான் கரை உண்டாகும். வருடத்துக்கு ஒரு வீட்டு முறை. இந்த வருடம் எங்கள் வீடு.

கரை இல்லாததால் அப்பாவின் வள்ளம் கடலிலேயே நின்றது. கூப்பிட்டால் பதில் வரும் தூரம்தான். "குடிக்கிற தண்ணி தீரப்போவுது, சீக்கிரம் அறுங்க" என்று அவர் குரல் மட்டும் வந்து சேர்ந்தது.

நானும் அக்கா புருஷன் பெனடிக்ட் அத்தானும் பால்துரை அண்ணாச்சியின் மெஷின் கடைக்குப் போனோம். பலகையை வளைவாக அறுக்கிற ‘ஸ்க்ரோல் சா’ மெஷின் வேண்டும் என்றோம்.

"ஊரு எவ்வளவு நீளம்?" என்றார் அண்ணாச்சி.

"கோயில்ல இருந்து உப்பளம் வரைக்கும்."

"அப்போ சின்னது ஆவாது. பாதி ஊரு அறுத்ததும் பலகை பின்னால முட்டிக்கிடும். மிச்ச ஊரை எங்க வைப்பீங்க?"

பிளேடைப் பிடிக்கும் கை நீளமாக உள்ள மெஷினை எடுத்து ஓடவிட்டார். அதன் மேஜையில் ஒரு நாணயத்தை விளிம்பில் நிறுத்தினார். பிளேடு மேலும் கீழுமாகப் பறந்தது. நாணயம் நின்றபடியே நின்றது. எனக்கு மூச்சுவிடக்கூடத் தயக்கமாக இருந்தது. போன வருடம் அறுத்த வீட்டார் மெஷின் அதிர்ந்து, தவக்காலம் வரைக்கும் கரை நடுங்கிக்கொண்டிருந்தது. ஊரில் யாரும் டம்ளரை நிறைய ஊற்றவில்லை.

பிளேடில்தான் தகராறு வந்தது. அது எவ்வளவு மரத்தைத் தின்கிறதோ அவ்வளவு அகலத்துக்குக் கரையில் மணல் விழும். அத்தானுக்கு மீன் காயப்போட இடம் வேண்டும்.

"தடியா ஒண்ணு குடுங்க அண்ணாச்சி."

"தடி பிளேடு துறை வளைவுல திரும்பாது தம்பி, நேரா போயிரும். துறை இல்லாம வள்ளம் எப்படி நுழையும்? உங்க மாமனார் கருவாட்டு மேல நடந்து வருவாரா?"

"மாமாவுக்கு நீச்சல் தெரியுமே" என்றார் அத்தான், தெருவைப் பார்த்தபடி.

"வள்ளத்தை விட்டுட்டா? அப்பா வரமாட்டாங்க அத்தான்."

முடிபோல இருந்த பிளேடை எடுத்துக்கொண்டேன். "கருவாடு மொட்டை மாடியிலதான்னு உங்க அக்காகிட்ட நீயே சொல்லு மாப்ள" என்றார் அத்தான்.

வீட்டில் பலகையை அழுத்தாமல், மெல்ல நகர்த்தினேன். துறை வளைவில் பிளேடு நின்ற இடத்திலேயே திரும்பிக்கொண்டது. மரத்தூள் என் மடியில் விழ விழ, வெளியே ஊர் நெடுக மணல் விழும் சத்தம் கேட்டது. கடைசி இழை விட்டதும் பலகை இரண்டானது. வாசலுக்கு ஓடினேன். ஒரு அலை வந்து, தரையைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனது. அம்மா சிலுவை போட்டுக்கொண்டாள்.

வள்ளம் எங்கும் உரசாமல் துறைக்குள் நுழைந்தது. இறங்கிய அப்பாவின் கையில் ஒரு கயிறு. மறுமுனையில், இரண்டு பனைமரத்தோடு ஒரு சிறிய தீவு வந்துகொண்டிருந்தது.

"இது மேலதான் இத்தனை நாளும் படுத்துக் கிடந்தேன். விட்டுட்டு வர மனசில்ல" என்றார்.

அம்மா அதைச் சுற்றிப் பார்த்தாள். "கோழிக்கூட்டுப் பக்கமா கட்டுங்க" என்றாள். அப்பாவுக்குச் செம்பில் தண்ணீர் கொடுத்துவிட்டு, தீவுக்கு ஒரு சட்டியில் கஞ்சித்தண்ணீர் வைத்தாள். பனைகள் இரண்டும் குனிந்துகொள்ள, அது குடித்தது.