நல்ல முழங்கால்

"அவனுக்கு இல்லய்யா, இவனுக்குக் கட்டு" என்றார் கோச் பர்டெட்.

நான் விட்டேக்கரின் வீங்கிய முழங்காலை மடியில் வைத்துக் கட்டுத்துணியைப் பிரித்துக்கொண்டிருந்தேன். வீரர்களுக்கு மருந்து தேய்ப்பதும் கட்டுப் போடுவதும் என் வேலை. அயோவாவில் எங்கள் சின்னக் கல்லூரியின் அமெரிக்கக் கால்பந்து அணியில் பந்தை அணைத்துக்கொண்டு ஓடத் தெரிந்தவன் விட்டேக்கர் ஒருவன்தான். கோச் கைகாட்டியதோ நில்ஸ் ஓபெர்க்கை. பண்ணைக்காரர் மகன், வண்டிக்குதிரை மாதிரி உடம்பு. முன்வரிசையில் நின்று முட்டுகிறவன். பனி உருகியதும் ஊருக்குப் போய் ஏர் பிடிக்க வேண்டியவன்.

"எனக்குக் கால் நல்லாத்தான இருக்கு, கோச்."

"அது உனக்குத் தெரியும். எதிராளிக்குத் தெரியுமாடா?"

அறையே சிரித்தது. "நல்லா நொண்டுடா நில்ஸு, கல்யாணத்துக்குப் போறவன் மாதிரி நடக்காத" என்றான் ஒருவன். நில்ஸும் சிரித்தான். தூரத்திலிருந்தே தெரியும்படி தடிமனாகக் கட்டச் சொன்னார் கோச். கட்டினேன். ஆறு வருடத்தில் பர்டெட்டுக்கு இது ஐந்தாவது கல்லூரி. நவம்பரின் கடைசி ஆட்டத்தில் தோற்கிற கோச்சுக்கு டிசம்பரில் வேலை இருக்காது. அவர் போனால் நானும் போக வேண்டியதுதான்.

எதிரணி அவர் நினைத்ததையே செய்தது. ஆட்கள் ஒருவர்மேல் ஒருவர் குவிந்து விழும்போதெல்லாம் எவனாவது ஒருவன் நில்ஸின் காலைத் தேடி விழுந்தான். விட்டேக்கரின் முழங்காலை யாரும் கவனிக்கவில்லை. அவன் ஓடினான். அந்தக் காலத்து விதிப்படி வெளியே வந்தவன் மறுபடி உள்ளே போக முடியாது. ஓரத்தில் இருக்கிற கோச் வாய் திறந்து ஆட்டம் சொல்லவும் கூடாது. பர்டெட் கம்மென்று உட்கார்ந்திருந்தார்.

மூன்றாவது முறை விழுந்து எழுந்தபோது நில்ஸ் நிஜமாகவே நொண்டினான். எங்கள் பக்கம் பார்த்தான். நான் பாதி எழுந்துவிட்டேன்.

"உக்காரு" என்றார் கோச், உதடு அசையாமல். "இப்பத்தான் நல்லா நடிக்கிறான்."

அடுத்த குவியல் கலைந்தபோது அவன் எழவில்லை. முழங்காலுக்குக் கீழே கால் வேறு பக்கம் பார்த்துக் கிடந்தது.

ஐந்துக்குப் பூஜ்யம் என்று ஜெயித்தோம். மாணவர்கள் பர்டெட்டைத் தோளில் தூக்கிக்கொண்டு கடைத்தெரு முழுக்கச் சுற்றினார்கள்.

திங்கட்கிழமை நில்ஸின் அப்பா வண்டி கட்டிக்கொண்டு வந்தார். அந்தக் கால் இனி மடங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். நானும் இன்னொருவனும் நில்ஸைத் தூக்கி வண்டியில் படுக்க வைத்தோம். பெரியவர் கோச்சின் முன்னால் தொப்பியைக் கழற்றினார்.

"மன்னிச்சுக்கங்க ஐயா. அடிபட்ட காலோடயே எறங்கியிருக்கான். கட்டோட நின்னத எங்கூர்க்காரங்க பாத்திருக்காங்க. உங்ககிட்ட மறைச்சிருப்பான், பிடிவாதக்காரப் பய."

நில்ஸ் என்னைப் பார்த்தான். நான் குதிரையின் வாரைச் சரிசெய்வதுபோல் குனிந்துகொண்டேன்.

"தைரியசாலி உங்க பையன்" என்றார் பர்டெட். பிறகு கேட்டார்: "வீட்டுல வேற பசங்க இருக்காங்களா, பெரியவரே?"

பெரியவர் முகம் மலர்ந்தது. "ஒருத்தன் இருக்கான்யா. இவன விட ஒசரம்."

சொல்லிவிட்டு, நரைத்த தலைக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் கையைத் தட்டையாக நீட்டிக் காட்டினார். வைக்கோலில் கிடந்த நில்ஸ் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தான்.