சீமாட்டிக்குப் பின்னல் வேண்டாம்

பின்னல் வேண்டாம் என்று நான் சொன்னது அண்ணனின் காதில் நன்றாகவே விழுந்தது. விழாதது போல வாளியைக் கவிழ்த்துப் போட்டு, அதன் மேல் ஏறி நின்று, ஈரத் துணியால் சீமாட்டியின் பிடரி மயிரைத் துடைக்க ஆரம்பித்தான். சீமாட்டி என்பது நாங்கள் வைத்த பட்டப்பெயர். சாம்பல் கலந்த வெள்ளைக் குதிரை. தண்ணீர்த் தொட்டியில் ஒரு வைக்கோல் மிதந்தால்கூட வாய் வைக்காமல், ஆள் வந்து எடுக்கும்வரை காத்திருக்கும் பிறவி. போட்டி மைதானத்துக்குப் பின்னால் எங்களுக்கு ஒதுக்கியிருந்த தகரக் கொட்டகையில் அவளும் நாங்கள் இரண்டு பேரும்தான். அண்ணன் முதல் கற்றையைக் கையில் எடுத்ததுமே அவள் காதுகளைப் பின்னால் மடித்துக்கொண்டாள். எனக்கு எரிச்சல் தலைக்கு ஏறியது.

"அண்ணா, உன்கிட்டதான் பேசிட்டிருக்கேன்."

"கேக்குது."

"பின்னல் கட்டாயமில்லைன்னு விதியிலயே இருக்கு. போட்டி நடத்துறவங்ககிட்டயும் கேட்டுட்டேன்."

"நீ வேணா தலைவிரிகோலமா போ. இவ போக மாட்டா."

இந்த விளையாட்டைப் பற்றி வெளியாட்களுக்குச் சொல்லிப் புரிய வைப்பது பெரும்பாடு. டிரெஸ்ஸாஜ் என்று பெயர். எதையும் தாண்ட வேண்டாம், யாரையும் முந்த வேண்டாம். குதிரை எப்படி நடக்கிறது, எப்படி வளைகிறது, சொன்ன இடத்தில் எவ்வளவு அமைதியாக நிற்கிறது என்று பார்த்து நடுவர்கள் மதிப்பெண் போடுவார்கள். கடைசியாகப் போன இரண்டு போட்டியிலும் எங்களுக்கு ஒரே குறைதான் சொன்னார்கள். கழுத்து இறுகியிருக்கிறது, அதனால் முதுகும் இறுகியிருக்கிறது. வீட்டில் அதே குதிரை, அதே சேணம், மேலே உட்கார்ந்திருப்பதும் அதே நான். அங்கே கழுத்தை நீட்டிப் போட்டுக்கொண்டு வெண்ணெய் மாதிரி ஓடுவாள். என்ன வித்தியாசம் என்று படுத்தாலும் எழுந்தாலும் யோசித்துப் பார்த்துவிட்டேன். வீட்டில் பின்னல் கிடையாது, அவ்வளவுதான். எங்களுக்குச் சவாரி சொல்லித்தருகிற மாஸ்டரிடம் சொன்னேன். பின்னல் என்பது நடுவருக்குக் கொடுக்கிற மரியாதை, ஓட்டத் தெரியாதவர்கள்தான் மயிரைக் குறை சொல்வார்கள் என்று முகத்திலடித்த மாதிரி சொல்லிவிட்டார். பக்கத்தில் நின்ற அண்ணன் அதற்குத் தலையாட்டினான். குதிரை எங்களுடையது அல்ல, டாக்டரம்மாவுடையது. அந்த அம்மா நல்ல மாதிரி. சிரித்துக்கொண்டேதான் சொன்னார், இந்தத் தடவையும் தேறாவிட்டால் சீமாட்டியை வேறு லாயத்துக்கு அனுப்பிப் பார்க்கலாம் என்று இருக்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதே அம்மா என்று. தப்பாக எடுத்துக்கொள்ள அதில் ஒன்றும் இல்லை. அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை, அதுதான் விஷயம்.

இவ்வளவு இருந்தும் நான் வாயை மூடிக்கொண்டிருந்ததற்குக் காரணம் அண்ணன். சவாரிக்காரன் அவன்தான். நான் அவனைப் பார்த்துக் கற்றுக்கொண்டவள். முந்தின வருடம் வேறொரு குதிரையிலிருந்து விழுந்து கழுத்தெலும்பு நகர்ந்து, இனிமேல் குதிரை ஏறக் கூடாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். எழுந்து நடமாட ஆரம்பித்த பிறகு அவன் லாயத்துக்கு வந்து தானாகவே எடுத்துக்கொண்ட வேலை இந்தப் பின்னல். பின்னலில் கை வைத்தால் அவன் மேலேயே கை வைத்த மாதிரி. அதனால்தான் இரண்டு போட்டி முழுவதும் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இன்றைக்கு முடியவில்லை.

அண்ணன் பின்னுவதைக் குறை சொல்ல முடியாது. கற்றையை மூன்றாகப் பிரித்து, அடிவரை பின்னி, நுனியை நூலால் கட்டி, அதைச் சுருட்டி மேலே ஏற்றி ஊசியால் தைத்துவிடுவான். கோட்டுப் பொத்தான்கள் போல வரிசையாக, ஒன்றுக்கொன்று வித்தியாசம் இல்லாமல் உட்காரும். மற்ற லாயக்காரர்கள் வந்து பார்த்துவிட்டுப் போவார்கள். பள்ளிக்கூட நாட்களில் அம்மா விடியும் முன்பே வேலைக்குக் கிளம்பிவிடுவாள். எனக்கு ரெட்டைச் சடை போட்டுவிட்டது இவன்தான். கூட்டாளிகள் கேலி செய்தால் காதில் போட்டுக்கொள்ள மாட்டான். அவன் சடை போட்டு ஒரு நாளும் எனக்கு வலித்ததில்லை. இந்தச் சீமாட்டிக்கு மட்டும் என்ன வலிக்கிறது, இது குதிரையின் திமிரா, அல்லது மாஸ்டர் சொன்ன மாதிரி ஓட்டத் தெரியாத என் சாக்கா என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

"மானம் போகுதுன்னு நீ பயப்படுற. அவ்ளோதானே?" என்றேன்.

"ஆமா. உன் மானம்தான்," என்றான் அவன். பின்னல் பாதிக் கழுத்தைத் தாண்டியிருந்தது. "பாதி ஓட்டத்துல ஒண்ணு அவுந்து தொங்கினா எல்லாரும் உன்னைத்தான் பாப்பாங்க. என்னையா பாப்பாங்க?"

பதில் சொல்ல வாயெடுத்தவள் நிறுத்திக்கொண்டேன். வெள்ளை நூல் சிவப்பாக இருந்தது. முதலில் குதிரைக்குத்தான் ஊசி பட்டுவிட்டது என்று நினைத்தேன். அப்புறம்தான் பார்த்தேன், ஊசி அண்ணனின் ஆள்காட்டி விரலில் ஏறி நகத்தோரமாக வெளியே வந்திருந்தது. அவன் அதோடேயே அடுத்த தையலுக்கு நூலை இழுத்துக்கொண்டிருந்தான். முகத்தில் ஒரு சுளிப்புகூட இல்லை. நூல் ஏன் வரவில்லை என்று இன்னும் கொஞ்சம் பலமாக இழுத்தான்.

"அண்ணா, ஊசி."

"ஊசிக்கென்ன?" என்று கேட்டுவிட்டுக் குனிந்து பார்த்தான். பார்த்த பிறகுதான் அவனுக்குத் தெரிந்தது. அவசரமாக அதை உருவி, விரலைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, ஒன்றும் நடக்காதது போல அடுத்த கற்றையைத் தேடினான்.

எனக்கு ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. டீ கிளாஸை இரண்டு கையாலும் பிடிப்பது. சேண வாரை நான்தான் மாட்ட வேண்டும் என்று ஏதாவது சாக்குச் சொல்லி நகர்ந்துவிடுவது. ஒரு நாள் காலையில் அண்ணி அவனுக்குச் சட்டைப் பொத்தான் போட்டுவிட்டுக்கொண்டிருந்தாள். புது மாப்பிள்ளைக்கு அலங்காரமா என்று நான் கேலி செய்ய, இரண்டு பேரும் என்னோடு சேர்ந்து சிரித்தார்கள். சேர்ந்து சிரித்தது இப்போது நினைத்தால் பற்றிக்கொண்டு வந்தது. அண்ணிக்குத் தெரியும், அவனுக்குத் தெரியும், ஒரே வீட்டில் இருக்கிற நான் மட்டும் மடச்சி.

"எப்பலேருந்து?"

"விழுந்ததுலேருந்து."

"எல்லா விரலுமா?"

"கட்டை விரல்லயும் சுண்டு விரல்லயும் கொஞ்சம் உணர்ச்சி இருக்கு. வரும்னு சொல்லியிருக்காங்க."

"அப்புறம் எவ்ளோ இறுக்குறேன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"இழுத்துப் பாப்பேன். அசையலேன்னா சரின்னு விட்டுருவேன்."

நான் முதல் பின்னலின் அடியில் விரலை நுழைக்கப் பார்த்தேன். நகம்கூட நுழையவில்லை. மயிர்க்கால்களில் தோல் சின்னச் சின்னக் கொப்புளம் போல மேலே தூக்கிக்கொண்டு நின்றது. தொட்டதும் சீமாட்டியின் உடம்பு முழுக்க ஒரு சிலிர்ப்பு ஓடியது. இந்தக் கழுத்தை வைத்துக்கொண்டுதான் இரண்டு போட்டியில் வளையச் சொல்லிக் குதிமுள்ளால் குத்தியிருக்கிறேன். அசிரத்தையாகச் செய்திருந்தால் அவனை நன்றாகத் திட்டலாம். அவிழ்ந்துவிடக் கூடாதே, எனக்குத் தலைகுனிவு வந்துவிடக் கூடாதே என்று பார்த்துப் பார்த்து இறுக்கியவனை என்ன சொல்லித் திட்டுவது? அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது.

ஒலிபெருக்கியில் எனக்கு முன்னால் போகிறவரைத் தயாராகச் சொன்னார்கள். நான் சேணப் பெட்டியிலிருந்து கத்தரிக்கோலை எடுத்தேன். அண்ணன் வாளியிலிருந்து இறங்காமலே கையை நீட்டினான்.

"குடு. நான் போட்டது, நானே அவுக்கறேன்."

நூல் மயிருக்குள் புதைந்திருந்தது. கத்தரிக்கோலின் முனை தோலை ஒட்டித்தான் போக வேண்டும். நீட்டிய கையில் ரத்தம் இன்னும் நின்றபாடில்லை, அதையும் அவன் கவனிக்கவில்லை. நான் கத்தரிக்கோலைக் கொடுக்கவில்லை. வேண்டாம் என்று வாயால் சொல்லவும் இல்லை. அவன் என் கையையே பார்த்துக்கொண்டு நின்றான், அப்புறம் தன் கையைப் பார்த்தான். வாளியிலிருந்து இறங்கி, குனிந்து, தகரக் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே போய்விட்டான்.

தனியாக நின்று நூலை ஒவ்வொன்றாக வெட்டினேன். கடைசிப் பின்னல் அவிழ்ந்ததும் சீமாட்டி தலையைத் தரைவரை தாழ்த்தி ஒரு பெருமூச்சு விட்டாள். ஆனால் மயிர் படியவில்லை. ஈரத்தோடு பின்னி அவிழ்த்ததில் சுருண்டு சுருண்டு, நாலா பக்கமும் விறைத்துக்கொண்டு நின்றது. சும்மா விட்டிருந்தால்கூட இவ்வளவு அலங்கோலமாக இருந்திருக்காது. வெளியே வந்தபோது மாஸ்டர் எங்களைப் பார்த்துவிட்டு, "இது என்ன கோலம்? குதிரைக்குப் பேய் பிடிச்சிருக்கா?" என்றார். உங்கள் வேலையைப் பார்த்துக்கொண்டு போங்கள் என்று நாக்கு நுனிவரை வந்தது. டாக்டரம்மா நடுவர் கூடாரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார். நான் வணக்கம் சொல்லவில்லை.

மணி அடிக்கும்வரை மைதானத்தின் வெளி ஓரமாகச் சுற்றி வரலாம். அண்ணனும் அண்ணியும் வேலியோரம் நின்றிருந்தார்கள். கோபித்துக்கொண்டு வீட்டுக்கே போயிருப்பான் என்று நினைத்திருந்தேன். கிட்டே போனபோது அவனே பேசினான், என்னைப் பார்த்து அல்ல, குதிரையின் வாயைப் பார்த்து.

"கடிவாளத்தை இறுக்கிப் பிடிக்கிற. விடு."

இறுக்கித்தான் பிடித்திருந்தேன். விரல்களைத் தளர்த்தினேன். சீமாட்டியின் கழுத்து மெதுவாக முன்னால் நீண்டது. அண்ணனின் பார்வை அதோடு கூடவே நகர்ந்தது. மணி அடித்தது. திரும்பும்போது பார்த்தேன், வேலிக்கு அந்தப் பக்கம் அண்ணி அவன் விரலுக்குத் துணி சுற்றி முடித்துவிட்டு, கையை விடாமல் தன் இரண்டு கைகளுக்குள்ளும் வைத்துப் பிடித்துக்கொண்டிருந்தாள். அது தெரியாமல் அவன் குதிரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.