ஒட்டுமில்லை, உறவுமில்லை

கழுவிய டம்ளரையே மறுபடி கழுவிக்கொண்டிருந்தாள் மருமகள். கூடத்தில் மாமனாரைக் கிடத்தியிருந்தார்கள். அவள் அந்தப் பக்கமே போகவில்லை. அவள் மழலையர் பள்ளி ஆசிரியை; ஊரிலுள்ள சளியெல்லாம் முதலில் அங்கேதான் வந்து சேரும். போன வாரம் அவளுக்குக் காய்ச்சல், அடுத்து மாமனாருக்கு. அவள் எழுந்துவிட்டாள். அவர் எழவில்லை. அவரைக் கொன்றவளே நான்தான் என்று மனசு அடித்துக்கொண்டிருந்தது.

"காலையில வாக்கிங் போறதோட சரி. வேற எங்கயும் போகாத மனுஷனுக்கு எங்கேருந்து வந்துச்சாம்?" கூடத்திலிருந்த சின்ன மாமியாரின் கேள்வி, சமையலறைக்குக் கேட்கும்படிதான் இருந்தது.

நாத்தனார் போனும் கையுமாக உள்ளே வந்தாள். வைரஸ்களின் மரபணுவை எழுத்து எழுத்தாகப் படிக்கும் ஆய்வுக்கூடத்தில் அவளுக்கு வேலை. மருத்துவமனையில் மாமனார், மருமகள் இரண்டு பேர் மூக்கிலிருந்தும் எடுத்த சளி அங்கேதான் போயிருந்தது.

"ரிசல்ட் வந்துடுச்சு."

"சொல்லாதீங்க அண்ணி. எனக்கே தெரியும்."

"என்ன தெரியும்? உன்கிட்டேருந்து தொத்தியிருந்தா எழுத்தெல்லாம் கிட்டத்தட்ட ஒண்ணா இருக்கணும். இங்க ஏகப்பட்ட வித்தியாசம். உன் வைரஸுக்கும் அப்பா வைரஸுக்கும் ஒட்டுமில்ல, உறவுமில்ல."

மருமகள் டம்ளரைக் கீழே வைத்தாள். "அப்ப... யாருகிட்டேருந்து?"

"கேரம் கிளப். அங்க நாலு பேருக்குக் காய்ச்சல்னு சாம்பிள் எடுத்திருந்தாங்க. அப்பாவோடது அச்சு அசல் அதேதான்."

கதவோரம் மாமியார் நின்றதை இருவரும் கவனிக்கவில்லை.

"கேரமா? வாக்கிங்னுதானே தினமும் கிளம்பினாரு! நடந்து நடந்து கால் வலிக்குதுன்னு என்னைத் தைலம் தேய்க்க விட்டாரே, படுபாவி! வலிச்சா விரல்தானே வலிச்சிருக்கணும்?"

நாத்தனார்தான் முதலில் சிரித்தாள். மாமியார் வாயைப் பொத்திக்கொண்டாள், தோள் குலுங்கியது. கூடத்தில் அதை அழுகை என்று நினைத்து யாரோ கூடவே அழ ஆரம்பித்தார்கள். அதைக் கேட்டு மூன்று பேருக்கும் இன்னும் சிரிப்பு. மருமகளின் சிரிப்பு மட்டும் பாதியில் அழுகையாகிவிட்டது. காலையிலிருந்து அவள் அழவே இல்லை.

"வாம்மா. வந்து உன் மாமாவை நீயே கேளு," என்று மாமியார் கையைப் பிடித்துக் கூட்டிப்போனாள்.

சின்ன மாமியார் நகர்ந்து இடம் விட்டாள். மருமகள் அவர் தலைமாட்டில் உட்கார்ந்தாள். யாரோ அவருக்கு இடப்பக்கம் வகிடெடுத்துச் சீவியிருந்தார்கள். சீப்பைக் கேட்டு வாங்கி, அவர் வழக்கப்படி வலப்பக்கம் மாற்றி வாரிவிட்டாள்.