அம்மன் இழுத்த பெண்

விழுப்புரம் பக்கத்துக் காணை கிராமத்தில் வெண்ணிலாவை அம்மன் இழுத்த பெண் என்று சொல்ல ஆரம்பித்து ஒரு மாதம் ஆகிறது. உண்மையில் அவளை இழுத்துக்கொண்டு போனது சென்னை பஸ்.

பதினொன்றாம் வகுப்பு படிக்கிறாள். குண்டு எறிதலில் பள்ளியில் அவளை மிஞ்ச ஆளில்லை. மாவட்ட அணித் தேர்வுக்காகத் திண்டிவனம் கிளம்பினாள். அந்தச் சென்னை பஸ் திண்டிவனம் ஊருக்குள் போகாது. பைபாஸில் குரல் கொடுத்தால்தான் நிற்கும். குரல் கொடுத்தால் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்களே! வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். திண்டிவனம் போயிற்று, அச்சரப்பாக்கம் போயிற்று, கடைசியில் மேல்மருவத்தூரில் சிவப்புச் சேலைக் கூட்டத்தோடு கூட்டமாக இறங்கினாள்.

வீட்டில் என்ன சொல்வது என்று தெரியாமல் கோயிலில் வாங்கிய ஒரு குங்குமப் பொட்டலத்தை நீட்டினாள். அம்மா சித்ரா அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "அம்மனே எம்பொண்ண இழுத்துக்கினா" என்று தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள். பெண்ணைத் தனியாக அனுப்ப அரைமனசாகச் சம்மதித்திருந்த அப்பா மணிமாறனே கையெடுத்துக் கும்பிட்டார். அந்தப் பொய் வெண்ணிலாவை ஒரு மாதமாக உறுத்திக்கொண்டே இருந்தது.

வராதவர்களுக்கென்று இன்னொரு நாள் தேர்வு வைத்தார்கள். இன்றைக்கு ஒன்பது மணிக்கு மைதானத்தில் இல்லையென்றால் இந்த வருஷம் அவ்வளவுதான்.

விழுப்புரம் வரை கவலையில்லை. டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு இலவசம், வாயைத் திறக்காமலே டிக்கெட் கைக்கு வந்துவிடும். சென்னை பஸ்ஸில் கண்டக்டர் "எங்கம்மா?" என்றதும், செல்போனில் "திண்டிவனம் பைபாஸ்" என்று எழுதி வைத்திருந்ததைக் காட்டினாள். தன் சாமர்த்தியத்தை மெச்சிக்கொண்டாள். கண்டக்டர் வேறு மாதிரி நினைத்துக்கொண்டார்.

"பாவம், பேச்சு வராத பொண்ணு. கொஞ்சம் எடம் குடுங்க."

சிவப்புச் சேலை கட்டிய ஓர் அம்மாள் நகர்ந்து உட்கார்ந்து அவள் கன்னத்தைத் தடவினாள். "மேல்மருவத்தூருக்குத்தான் போய்க்கினு இருக்கேன். உனக்கும் வேண்டிக்கிறேம்மா."

வெண்ணிலாவுக்கு மானமே போய்விட்டது. மறுத்துச் சொல்லவும் வாய் வரவில்லை.

விக்கிரவாண்டியில் ஏறிய கூட்டம் பஸ்ஸை அடைத்துக்கொண்டது. திண்டிவனம் நெருங்கியபோது கண்டக்டர் எங்கோ பின்னால் மாட்டிக்கொண்டிருந்தார். "பைபாஸ் இருக்கா?" என்று ஒரு குரல் மட்டும் வந்தது. யாரும் அசையவில்லை. அவளை மறந்தே போனவர் இரட்டை விசில் கொடுத்தார். பஸ் வேகமெடுத்தது.

குண்டு எறியும்போது மட்டும் அவளுக்கு அடிவயிற்றிலிருந்து ஒரு சத்தம் வரும். அதற்கு அவள் வெட்கப்பட்டதே கிடையாது. குண்டு விழப்போகிற இடம்தான் அப்போது கண்ணில் நிற்கும். இப்போது மைதானம் கண்ணில் நின்றது. எழுந்து, காலை அகட்டி ஊன்றினாள்.

"நிறுத்துங்க! திண்டிவனம் எறங்கணும்!"

டிரைவர் பிரேக்கில் ஏறி நின்றுவிட்டார். பஸ்ஸே முன்னால் சாய்ந்தது. சிவப்புச் சேலை அம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "தாயே! பேச வெச்சிட்டியே!"

நாலு பேர் இல்லை, பஸ் முழுக்க அவளைத்தான் பார்த்தது. பேசாமல் கும்பிட்டு இறங்கியிருக்கலாம். ஆனால் ஒரு குங்குமப் பொட்டலத்தோடு பட்டதே போதும் என்றிருந்தது.

"அம்மன் இல்லீங்க. எனக்குப் பேச வரும். பயந்துக்கினு இருந்தேன், அவ்ளோதான்."

"என்னா தொண்டைடா சாமி!" என்றார் கண்டக்டர். "வழி உடுங்க, பொண்ணு எறங்கட்டும்."

ஒன்பதுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது பெயர் கொடுத்தாள். மூன்றாவது எறிதலில் முதலிடம். அந்தச் சந்தோஷத்தோடேயே வீட்டுக்குப் போன் செய்தாள்.

"செலக்ட் ஆயிட்டேம்மா. அப்புறம்... போன மாசம் என்னை அம்மன் இழுக்கல. நிறுத்தச் சொல்ல வாய் வரல. அதான் அவ்ளோ தூரம் போயிட்டேன்."

சித்ரா குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"அன்னிக்கே தெரியும்டி," என்றாள். "உள்ளத சொல்லியிருந்தா உங்கப்பா இன்னிக்கி உன்ன அனுப்பியிருப்பாரா? இனிமே எதுன்னாலும் அவருகிட்ட நீயே சொல்லிக்க. வாய்தான் வந்துடுச்சே."